168 மெகாபாஸ்கல் தாங்கும் கல், ஒரு ஆள் ஏறியதற்கா விரிசல் விட்டது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம். அதன்மேல் 4 அடி நீளம், 1 அடி அகலம், 30 மில்லிமீட்டர் தடிமனில் சாம்பல் நிறக் கிரானைட் பலகைகள். நடுவில் முட்டு எதுவும் இல்லை. போட்டு ஒன்றரை மாதத்துக்குள் இரண்டு படிகள் குறுக்கே விரிசல் விட்டிருக்கின்றன. கடைக்காரர் கொடுத்த லேப் ரிப்போர்ட்டில் அமுக்க வலிமை, அதாவது நசுக்கினால் கல் தாங்கும் அளவு, 168 மெகாபாஸ்கல் என்று இருக்கிறது. "ரிப்போர்ட் பொய்யா, கல் மட்டமா, பேசாமல் மார்பிளுக்கு மாறிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மீதிப் படிகளில் குடும்பத்தோடு ஏறி இறங்கலாமா, அதை எந்தச் சோதனை சொல்லும் என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டடக் கற்களையும் பாறை மாதிரிகளையும் மெஷினில் வைத்து உடைத்துப் பார்ப்பது பல வருடங்களாக என் பிழைப்பு.

ரிப்போர்ட் உண்மையாகவே இருக்கலாம். கல்லும் நல்ல கல்லாகவே இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் படி விரிசல் விடும், ஏனென்றால் அந்த 168 உங்கள் படிக்குச் சம்பந்தமில்லாத எண். கிரானைட்டுக்கு அது சாதாரண அளவுதான். நம் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 3316 கட்டடக் கிரானைட்டுக்குக் குறைந்தபட்சம் சதுர சென்டிமீட்டருக்கு 1000 கிலோ, அதாவது சுமார் 100 மெகாபாஸ்கல் கேட்கிறது. அமெரிக்காவின் தர விதியான ஏ.எஸ்.டி.எம். சி 615 கேட்பது 131. நல்ல கிரானைட் 150, 200 என்று அநாயாசமாகப் போகும். கடைக்காரர்கள் இந்த எண்ணைக் காட்டுவதற்குக் காரணம் எளிது: பெரிய எண், பார்க்க நன்றாக இருக்கும், சோதனையும் மலிவு.

அந்தச் சோதனையில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். ஐ.எஸ். 1121 முதல் பகுதியின்படி 50 மில்லிமீட்டர் அளவில் கனசதுரமோ உருளையோ வெட்டி, இரு முகங்களையும் சமமாகத் தேய்த்து, கனமான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்குகிறோம். கல் நாலாபுறமும் பிதுங்கப் பார்க்கும். தட்டின் உராய்வு மேலும் கீழும் அதைப் பிடித்துவைக்கும். உள்ளே இருக்கும் நுண்விரிசல்களில் பல அந்த அழுத்தத்தில் மூடிக்கொள்ளும். கல்லுக்கு இது மிகவும் சாதகமான நிலை. உங்கள் படியில் நடப்பது வேறு. ஆள் நடுவில் நிற்கும்போது பலகை கண்ணுக்குத் தெரியாத அளவு கீழ்நோக்கி வளைகிறது. மேல்முகம் அமுங்குகிறது, அடிமுகம் இழுபடுகிறது. இழுப்பில் விரிசல் மூடாது, வாய் திறக்கும். சாக்பீஸை நின்றபடி வைத்து விரலால் அழுத்தி நசுக்கிப் பாருங்கள், முடியாது. படுக்கவைத்து இரண்டு விரலால் வளையுங்கள், படக்கென்று முறியும். பொருள் அதேதான், முறியும் விதம்தான் வேறு. 1920-களின் தொடக்கத்தில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை வைத்துச் சொன்ன விளக்கம் கல்லுக்கும் பொருந்துகிறது: உள்ளே ஏற்கெனவே இருக்கும் விரிசலின் நுனியில் விசை குவிந்து, அது ஓடத் தொடங்குவதால்தான் பொருள் முறிகிறது. அவர் கணக்குப்படி அமுக்க வலிமை, இழுத்தால் தாங்கும் இழுவலிமையைப்போல எட்டு மடங்கு வரவேண்டும். கற்களில் நாங்கள் அளப்பது பெரும்பாலும் பத்து மடங்கும் அதற்கு மேலும்.

உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 அடி என்றால் 1.2 மீட்டர். இரண்டு முனையிலும் தாங்கல், நடுவில் 100 கிலோ எடை. பலகை 40 மில்லிமீட்டர் என்றால், கல்லின் சொந்த எடையையும் சேர்த்து, அடிமுகத்தில் வரும் இழுவிசை சுமார் 4.5 மெகாபாஸ்கல். 30 மில்லிமீட்டர் என்றால் 7.6. 20 மில்லிமீட்டர் என்றால் 16-ஐத் தாண்டுகிறது. தடிமன் பாதியானால் விசை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது, ஏனென்றால் கணக்கில் தடிமன் வர்க்கமாக வருகிறது. இனி மறுபக்கம்: சி 615 கிரானைட்டுக்குக் கேட்கும் குறைந்தபட்ச வளைவு வலிமை, அதாவது வளைத்தால் முறியாமல் தாங்கும் அளவு, 8.27 மெகாபாஸ்கல். நடைமுறையில் நடுத்தரப் பரல் (கல்லுக்குள் இருக்கும் தாதுமணி) உள்ள கிரானைட் 10 முதல் 15 வரை வரும். நுண்பரல் உள்ள கறுப்புக் கல் 20-ஐத் தாண்டுவதும் உண்டு. ஆக உங்கள் படி நிற்கும் இடம் 7.6, கல்லின் எல்லை ஏறக்குறைய 8-லிருந்து 15. இது ஆடாமல் அசையாமல் நிற்கும் எடைக்கான கணக்கு. தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் பொத்தென்று கால் வைத்தால், கண நேரத்துக்கு விசை இரண்டு மடங்காகும். கல் வேலையில் கிரானைட்டின் வளைவு வலிமையை மூன்றால் வகுத்து, அந்த அளவுக்குள் விசையை வைத்துக்கொள்வது வெளிநாட்டு வழக்கம். சுண்ணாம்புக்கல் மாதிரி கற்களுக்கு இன்னும் அதிகமாக வகுப்பார்கள். இந்தக் கணக்கில் உங்கள் வடிவமைப்பு தேறாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோயில் மண்டபத்தில் கல் உத்தரம் நூற்றாண்டுகளாக நிற்கிறதே என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். அந்த உத்தரத்தின் உயரத்தைப் பாருங்கள், அங்குலக் கணக்கில் இருக்காது, அடிக்கணக்கில் இருக்கும். தூணுக்கு மேலே இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் போதிகை வெறும் அலங்காரம் இல்லை. உத்தரம் தாண்டவேண்டிய இடைவெளியை அது குறைக்கிறது. அப்படியும் பழைய மண்டபங்களில் நடுவில் விரிந்துபோன உத்தரத்துக்கு அடியில் செங்கல் தூணோ இரும்பு முட்டோ கொடுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லும் அமுக்கத்தில் தோற்கவில்லை.

அப்படியானால் எந்தச் சோதனையைக் கேட்பது? வளைவு வலிமைச் சோதனை. இதிலும் இரண்டு வகை உண்டு, வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. ஐ.எஸ். 1121 இரண்டாம் பகுதி 50-க்கு 50 மில்லிமீட்டர் குறுக்களவும் 200 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குட்டிக் கட்டையை 150 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து நடுவில் ஒரே கோட்டில் அழுத்தச் சொல்கிறது. கல்லுக்குக் கல் ஒப்பிட அது போதும். பலகையாகப் பயன்படுத்தப்போகிறவர்களுக்கு நான் சொல்வது ஏ.எஸ்.டி.எம். சி 880. அதில் பலகையின் நிஜத் தடிமனிலேயே, மேற்பரப்பு வேலைப்பாட்டோடு, தடிமனைப்போல பத்து மடங்கு இடைவெளியில் வைத்து இரண்டு கோடுகளில் அழுத்துவார்கள். நடுவில் ஒரு நீண்ட பகுதி முழுக்க ஒரே விசையில் இருப்பதால், அந்தப் பகுதியில் எங்கே பலவீனம் இருந்தாலும் அகப்பட்டுவிடும். ஒரே கோட்டில் அழுத்தினால் கோட்டுக்கு நேர் கீழே இருக்கும் இடம் மட்டும்தான் சோதிக்கப்படுகிறது. அதனால் முதல் வகை எண் பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே வரும். நாலடிப் பலகையில் குறை ஒளிந்திருக்கும் வாய்ப்பு குட்டிக் கட்டையில் இருப்பதைவிட அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில ரிப்போர்ட்டுகளில் 'பிரேசிலியன்' என்று ஒரு வரி இருக்கும். வட்டு வடிவக் கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி மேலும் கீழும் நசுக்கினால் அது நடுவில் நெடுக்காகப் பிளக்கும். அதிலிருந்து இழுவலிமையைக் கணக்கிடுவார்கள். ரியோ டி ஜெனீரோவில் புதிய அவென்யூவின் வழியில் நின்ற ஒரு பழைய தேவாலயத்தைக் கான்கிரீட் உருளைகள்மேல் நகர்த்தலாம் என்று திட்டம் போட்டபோது, அந்த உருளைகள் எப்படிப் பிளக்கும் என்று 1943-இல் ஆராய்ந்தவர் பெர்னாண்டோ கார்னெய்ரோ என்ற பொறியாளர். தேவாலயம் நகரவில்லை, இடித்துவிட்டார்கள். சோதனை மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நல்ல சோதனைதான். ஆனால் அது மாதிரியின் நடுப்பகுதியைச் சோதிக்கிறது. பலகை முறிவது மேற்பரப்பிலிருந்து. உங்கள் காரியத்துக்கு அது இரண்டாம்பட்சம்.

எந்த வகையானாலும் மூன்று விஷயங்களைக் கேட்காமல் ரிப்போர்ட்டை வாங்காதீர்கள். ஒன்று, கல்லின் வாகுக்கு, அதாவது அது சுலபமாகப் பிளக்கும் திசைக்கு, எந்தத் திசையில் உடைத்தார்கள் என்பது. கடையில் கிரானைட் என்ற பெயரில் விற்பவற்றில் பல புவியியல்படி கிரானைட்டே கிடையாது. பல்லாவரத்துச் சார்னோக்கைட், குன்னம் கறுப்பு, கிருஷ்ணகிரிப் பக்கத்து அலையலையான பேரடைசோ எல்லாம் அதே பெயரில்தான் ஓடுகின்றன. பட்டை பட்டையாக வரியோடும் நைஸ் வகைக் கல்லில், வரி பலகைக்குக் குறுக்கே ஓடினால் வலிமை நன்றாகவே சரியும். குவாரியில் ஆப்பு வைத்துப் பிளப்பவர் துளை போடும் முன்பே கல் எந்தப் பக்கம் சுலபமாகத் திறக்கும் என்று பார்ப்பார். பலகை அறுக்கும் மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை, எப்படி அறுத்தால் சேதாரம் குறையும் என்பதுதான் கணக்கு. இரண்டாவது, காய்ந்த நிலையா, ஊறிய நிலையா. சி 880-இல் 48 மணி நேரம் ஊறவைத்தும் உடைக்கலாம். கிரானைட்டில் வித்தியாசம் சிறியது, களிமண் கலந்த மணற்கல்லில் பாதி வலிமை போய்விடுவதும் உண்டு. மூன்றாவது, எத்தனை மாதிரி, அவற்றில் மிகக் குறைந்தது எவ்வளவு என்பது. சராசரி 12 என்று போட்டு, அடியில் 15, 14, 7 என்று இருந்தால், உங்கள் படி அந்த ஏழாகவும் இருக்கலாம்.

அடுத்து, போட்ட அன்று நின்ற படி ஒன்றரை மாதம் கழித்து ஏன் விரிந்தது என்பதற்கு வருகிறேன். கல்லை மெதுவாக நசுக்கும்போது அதில் ஒட்டவைத்த உணரிகள் உள்ளே நடக்கும் நுண்ணிய முறிவுகளின் ஒலியைப் பிடிக்கும். முதலில் பழைய நுண்விரிசல்கள் மூடும். உச்ச வலிமையில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் வரும்போது புதிய விரிசல்கள் பிறக்கும். 70, 80 சதவீதத்தைத் தாண்டியதும் அவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். அதன்பிறகு எடையைக் கூட்டாமல் அப்படியே வைத்திருந்தாலும் கல் ஒருநாள் போய்விடும். அமுக்கத்தில் இந்த முன்னறிவிப்புக்கு இடம் உண்டு, காதாலேயே சிடுசிடு என்று கேட்கலாம். வளைவில் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது. ஒரு விரிசல் ஓடத் தொடங்கினால் அதுவே கடைசி.

அது ஓடுவதற்கு முன் ஊரவும் செய்யும் என்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். விரிசல் நுனியில் சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பு இழுபட்டு நிற்கும்போது காற்றில் இருக்கும் ஈரமே அதை அறுத்துவிடும். எல்லைக்குக் கீழான விசையிலும் விரிசல் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும். எவ்வளவு ஆழம் போனால் ஆபத்து என்பதையும் தோராயமாகச் சொல்லலாம். விரிசல் ஓட்டத்தைக் கல் எதிர்க்கும் திறனுக்கு ஃபிராக்சர் டஃப்னஸ் என்று ஒரு அளவு உண்டு. கிரானைட்டுக்கு அது மெகாபாஸ்கல் வர்க்கமூல மீட்டர் என்ற அலகில் பொதுவாக 1 முதல் 2 வரை. 1.2 என்று வைத்துக்கொண்டால், 7.6 மெகாபாஸ்கல் விசையில் இருக்கும் உங்கள் பலகையின் அடிமுகத்தில் 6, 7 மில்லிமீட்டர் ஆழ விரிசல் இருந்தாலே போதும், முறிந்துவிடும். லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு இடி, அறுக்கும்போது விளிம்பில் ஒரு சில்லு, இவை அதற்கு ஆரம்பம் போட்டுக்கொடுக்கும். அதே கல் 40 மில்லிமீட்டரில் இருந்தால் 18 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளும். இந்த டஃப்னஸ் சோதனையை நீங்கள் செய்யவேண்டியதில்லை. சர்வதேசப் பாறையியக்கவியல் சங்கம் அதற்கு முறைகள் வகுத்திருக்கிறது, ஆனால் கட்டடக்கல் வியாபாரத்தில் யாரும் கேட்பதில்லை, லேப்களும் எளிதில் செய்து தராது.

இனி உங்கள் போட்டோ. ஒரு படியில் விரிசல் நடுவில் நேர்க்கோடாகப் போகிறது. அது வளைவு முறிவு என்று தயங்காமல் சொல்வேன். இன்னொன்றில் விரிசல் மூலைப் பக்கத்திலிருந்து சாய்வாகப் போகிறது. அங்கே இரும்புச் சட்டம் சமமட்டத்தில் இல்லாமல் பலகை மூன்று மூலையில் மட்டும் உட்கார்ந்து முறுக்கப்பட்டிருக்கலாம், கல்லிலேயே பழைய விரிசலும் இருந்திருக்கலாம். போட்டோவை வைத்து இந்த இரண்டில் எது என்று முடிவுகட்ட முடியாது. முறிந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பலகையைக் கழற்றிப் பிரித்துப் பாருங்கள். முகம் முழுக்கப் பரல்கள் புதிதாக மினுமினுத்தால் முறிவு புதியது. ஒரு பகுதி மட்டும் மங்கலாகவோ துருப்பழுப்பாகவோ இருந்தால், குவாரியிலிருந்தே வந்த விரிசல் அது, தண்ணீர் புகுந்து இரும்புக்கறை ஏறியிருக்கிறது. பளபளவென்று பசைப்படலம் தெரிந்தால், ஃபேக்டரியில் ரெசின் ஊற்றி மறைத்த விரிசல். ரெசின் போடுவது குற்றம் இல்லை, பெரும்பாலான பலகைகளுக்குப் போடுகிறார்கள். பலகையின் அடியில் ஃபைபர் வலை ஒட்டியிருந்தால் மட்டும், ஏன் ஒட்டினார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

மீதிப் படிகளை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு உலரும்வரை பாருங்கள். பரப்பு வெளுத்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுப்பாக நின்றால் அது விரிசல். அதை இரண்டு ஓரத்திலும் அடிமுகத்திலும் தேடுங்கள், ஆபத்து அங்கேதான். சட்டத்திலிருந்து கழற்றி, இரண்டு மரக்கட்டைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பதும் பயன் தரும். நம் சிற்பிகள் கணீரென்று ஒலிப்பதை ஆண் கல், அடுத்த தரத்து ஓசையைப் பெண் கல், ஓசையே எழாததை அலிக் கல் என்று பிரித்தார்கள். விரிசலும் சிதைவும் இல்லாத கல்லில் ஒலி வேகமாக, தேயாமல் போகும் என்பதுதான் அதன் அறிவியல். அல்ட்ராசோனிக் கருவி அதையே எண்ணாகத் தருகிறது: திடமான கிரானைட்டில் வினாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல், சிதைந்த கல்லில் 3-க்கும் கீழே போகும். தட்டினால் மட்டமான கல்லை ஒதுக்கலாம். ஆனால் கணீரென்ற பலகை 7.6 மெகாபாஸ்கலைத் தாங்கும் என்று அந்த ஓசை சொல்லாது.

மார்பிளுக்கு மாறுவது இந்த இடத்தில் கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிவது. மார்பிளின் வளைவு வலிமை பொதுவாகக் கிரானைட்டைவிடக் குறைவு, அதைவிட முக்கியம், வெயில்படும் இடத்தில் அது காலப்போக்கில் இன்னும் குறையும். கால்சைட் பரலைச் சூடாக்கினால் ஒரு திசையில் நீளும், குறுக்குத் திசையில் லேசாகச் சுருங்கும். ஒவ்வொரு பகலிலும் பரல்கள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி இடைவெளி விட்டுக்கொண்டே போகும். சிகாகோவில் 1973-இல் முடித்த அமோகோ கட்டடத்துக்கு 32 மில்லிமீட்டர் அளவுத் தடிமனில் கராரா மார்பிள் பலகைகளைப் போர்த்தினார்கள். இருபது வருடம்கூடத் தாங்கவில்லை. பலகைகள் வளைந்து விரிசல்விட, 1990-க்குப் பிறகு மொத்தத்தையும் கழற்றிக் கிரானைட் போட்டார்கள். ஹெல்சிங்கியின் ஃபின்லாந்தியா மண்டபத்திலும் கராரா மார்பிள் பலகைகள் அப்படியே வளைந்தன. வீட்டுக்குள் படிக்கு அவ்வளவு மோசமாகாது. ஆனாலும் 4 அடி இடைவெளியில் 30 மில்லிமீட்டர் மார்பிள் என்றால் நான் ஏறமாட்டேன்.

செய்யவேண்டியது இதுதான். விரிந்த இரண்டு படிகளையும் இன்றே எடுத்துவிடுங்கள். மீதிப் படிகளுக்கு நிரந்தர வேலை முடியும்வரை நடுவில் தற்காலிக முட்டு கொடுங்கள். முறிந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், உங்களிடம் இருக்கும் மிக நல்ல மாதிரி அவைதான். ஒவ்வொரு பாதியும் சுமார் 600-க்கு 300 மில்லிமீட்டர் இருக்கும். அதிலிருந்து 100 அகலத்தில், 375 நீளத்தில் பட்டைகள் அறுத்தால், விரிசல் பக்கத்தையும் சில்லுப்போன ஓரத்தையும் தவிர்த்தும் பத்துப் பட்டை தேறும். ஐந்தைக் காயவைத்தும் ஐந்தை ஊறவைத்தும் சி 880 முறையில் உடைத்துத் தரச் சொல்லுங்கள். சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகளிலும் என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கட்டுமானப் பொருள் லேப்களிலும் கேட்டுப் பாருங்கள். படியில் எந்த முகம் கீழே இருந்ததோ அது மெஷினிலும் கீழே இருக்கவேண்டும் என்று பட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். கடைக்காரரிடம் நஷ்டம் கேட்கப்போகிறீர்கள் என்றால் அந்த ரிப்போர்ட் உதவும். ஆனால் எண்கள் எல்லாம் 10-க்கு மேல் வந்தால், குறை கல்லில் இல்லை, 30 மில்லிமீட்டரில் நடுமுட்டு இல்லாமல் போடச் சொன்னவரிடம்தான்.

சோதனை முடிவு எப்படி வந்தாலும் மீதிப் படிகளுக்கு அடியில் வேலை இருக்கிறது. சுலபமானது, நடுவில் நெடுக்காக மூன்றாவது இரும்புச் சட்டம் கொடுப்பது. விசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: நடுச்சட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட உயர்ந்து நிற்கக் கூடாது. நின்றால் பலகை சீசாவாகி, இழுப்பு மேல்முகத்துக்கு மாறும். மூன்று சட்டத்திலும் ரப்பர் பட்டையோ சிலிக்கானோ வைத்து உட்கார வையுங்கள். இரும்போடு எபாக்சி போட்டு இறுக்கி ஒட்டவேண்டாம், வெயிலில் இரும்பு கல்லைவிட அதிகம் நீளும். இல்லையென்றால் படியின் முழு அகலத்துக்கும் அடியில் இரும்புத் தகடு கொடுத்துவிட்டு, கல்லை வெறும் மேல்விரிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும் இரண்டு பலகையையும் 40 மில்லிமீட்டர் கேட்டு வாங்கினால், ஓரத்தை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். 20 மில்லிமீட்டர் பலகையின் ஓரத்தில் அதே கல்லில் இன்னொரு பட்டையை அடியில் ஒட்டி மோல்டிங் பிடித்தால், முன்னால் நின்று பார்க்க 40 மாதிரியேதான் இருக்கும். அடியில் கைவிட்டு, நடுவில் அளந்து பாருங்கள்.